மின் இணைப்பில்லாத மேட்டு நிலத்து மரக்கன்றுகளுக்கு டிராக்டர் மூலம் நீர் கொடுப்பது எப்படி?

கிணற்றிலிருந்து வெகு தொலைவில், மின் இணைப்பே இல்லாத மானாவாரி மேட்டில் நட்ட 150 மாங்கன்றுகளைக் கோடையில் காப்பாற்ற வழி கேட்டிருக்கிறீர்கள். டிரெய்லரில் ஒரு தொட்டியும், டிராக்டரின் பி.டி.ஓ. தண்டால் (இன்ஜினின் சுழற்சியை வெளிக்கருவிகளுக்குக் கொடுக்கும் பின்புறத் தண்டு) இயங்கும் பம்பும் போதும்.

கன்றுக்கு 20 லிட்டர் என்று கணக்கிட்டால் ஒரு நடைக்கு 3,000 லிட்டர் வேண்டும். தண்ணீரின் எடை மட்டுமே 3 டன். பாதி நிரம்பிய தொட்டியில் நீர் அலைமோதிச் சரிவில் வண்டியையே கவிழ்த்துவிடக்கூடும் என்பதால், உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்த தொட்டியையே வாங்குங்கள்.

பி.டி.ஓ. பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்றுகள் சுழலும். மையவிலக்கு பம்புக்கு (வேகமாகச் சுழலும் சக்கரத்தால் நீரை வெளியே தள்ளும் பம்பு) இந்த வேகம் போதாது. பெல்ட்டோ பல்சக்கரப் பெட்டியோ வைத்துக் கூட்ட வேண்டும். பம்பைத் தொட்டியின் அடிமட்டத்துக்குக் கீழே பொருத்தினால் நீர் தானே இறங்கி நிரம்பிவிடும், காற்றுப் பிடிக்கும் தொல்லை இராது. நீரை 10 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தேவை. நீண்ட ஹோஸின் உராய்வுக்கும் சேர்த்துக் கூடுதல் அழுத்தம் வேண்டும் என்பதால் அரை அங்குலத்தைத் தவிர்த்து ஒரு அங்குல ஹோஸ் போடுங்கள். கன்றுகள் தொட்டியைவிடத் தாழ்வில் இருந்தால் பம்பே வேண்டாம்.

வால்வை மூடியபடி பம்பை ஓடவிட்டால் சூடேறி சீல் கெடும். ஆகவே உபரி நீர் தொட்டிக்கே திரும்ப ஒரு பைபாஸ் குழாய் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, சுழலும் தண்டின் மேலுள்ள பாதுகாப்பு உறை. அது உடைந்திருந்தால் அன்று வேலையே தொடங்காதீர்கள்; தோளில் கிடக்கும் துண்டோ முந்தானையோ சிக்கினால், இன்ஜினை நிறுத்தக்கூட நேரம் கிடைக்காது.