கிராமத்துச் சிறு அருங்காட்சியக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க நிதி எங்கே கிடைக்கும்?

எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் அருங்காட்சியகத்துக்கு ஒன்பது வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். இரண்டே அறை. நடுகல் நான்கு, முதுமக்கள் தாழி மூன்று, கொஞ்சம் ஓலைச்சுவடி, ஊர்க்காரர்கள் கொடுத்த வெண்கலச் சாமான்கள். ஊழியர் இரண்டு பேர்.

பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் ஒரு விளக்கைக் காட்டுவேன். பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று, எங்கள் காப்பாளர் அண்ணன் முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து பழைய தூக்கு விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். காலையில் பார்த்தால் நேற்று கடையில் வாங்கியது மாதிரி மின்னுகிறது. உலோகத்தை மேற்கொண்டு அரிக்க விடாமல் காத்துக்கொண்டிருந்த படலம் புளியோடு போயே போய்விட்டது. அவரைக் குறை சொல்ல முடியுமா? வீட்டில் பூசைச் சாமானை அப்படித்தானே துலக்குகிறோம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வெண்கலத்தைப் பராமரிக்கவென்று வேதியியல் கூடம் 1930-லேயே வந்துவிட்டது. அந்த அறிவு எங்கள் ஊர் வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் அவரை ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினோம். கட்டணம் 2,000 ரூபாய். பஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 6,500. அவர் இல்லாத நாட்களில் கதவைத் திறந்து வைக்க ஒரு ஆள், அவருக்குச் சம்பளம் 3,000. இதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். எல்லோரும் கட்டணச் சலுகையைத் தேடுகிறார்கள். சின்ன இடத்துக்குக் கட்டணம் பெரிய பாரமே கிடையாது. ஒருவர் போனால் பாதி ஊழியர் போன மாதிரி. பயிற்சி இலவசம் என்று சொன்னாலும் நிர்வாகி அனுப்பத் தயங்குவது இதனால்தான்.

சரி, பணம் எங்கே? மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் அருங்காட்சியகங்களுக்கு நிதியுதவி தருகிறது. பதிவு பெற்ற சங்கங்களும் அறக்கட்டளைகளும் விண்ணப்பிக்கலாம். திட்டச் செலவில் 80% வரை அவர்கள் தருவார்கள், மீதியை நாம் போட வேண்டும். அந்த 20%தான் எங்களைப் போன்றவர்களுக்குத் தொண்டையில் முள். காகித வேலையும் அதிகம். கட்டடம், காட்சிப்பேழை என்று பெரிதாகச் செய்கிறவர்களுக்கு அது பொருந்தும்.

எங்களுக்குக் கைகொடுத்தது சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்பாகக் கொடுக்கும் பணம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்த்த கம்பெனி தன் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். எதெதற்குச் செலவழிக்கலாம் என்ற ஏழாம் அட்டவணையில் கலை, பண்பாடு, பாரம்பரியப் பாதுகாப்பும் இருக்கிறது. பக்கத்து ஊர் ஸ்பின்னிங் மில்கூட இந்தக் கணக்கில் வரலாம். ஆனால் உங்கள் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சலுகைக்கான பதிவு (12ஏ, 80ஜி என்பார்கள்), மூன்று வருடமாவது வேலை செய்த சான்று, இந்தப் பணத்தை வாங்கப் பதிவு செய்யும் சிஎஸ்ஆர்-1 படிவம் எல்லாம் வேண்டும். ஆடிட்டரிடம் இன்றைக்கே கேட்டு வைத்துவிடுங்கள்.

கிடைத்த பணத்தில் ஆளை வெளியூருக்கு அனுப்புவதைவிட, பயிற்றுநரை ஊருக்கு வரவழைப்பது மலிவு. மூன்று நாள் வந்தார். பக்கத்தில் உள்ள இரண்டு சிறு அருங்காட்சியகத்துக்காரர்களும் வந்து செலவைப் பகிர்ந்துகொண்டார்கள். எங்கள் சாமான்களை வைத்தே சொல்லிக் கொடுத்தார். கறுத்து வழவழப்பாக இருக்கும் களிம்பைத் தொடாதே, வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் உடனே மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து ஈரமில்லாத இடத்தில் வைத்துவிட்டுச் சொல் என்றார். அண்ணனுக்கு அது அப்படியே பதிந்துவிட்டது. குவிந்து கிடக்கும் சேமிப்பறையை ஒழுங்குபடுத்த, சிறு அருங்காட்சியகங்களுக்கென்றே இக்ரோம் என்ற சர்வதேசப் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு ரீ-ஆர்க் என்ற முறையை உருவாக்கியிருக்கிறது. அதன் கையேடுகள் இணையத்தில் இலவசம். இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொன்னால் போதும்.

விண்ணப்பம் எழுதும்போது ஒன்று. முதல் தடவை 'மாற்று ஆள் சம்பளம்' என்று போட்டோம். பயிற்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று பணம் கொடுப்பவர்கள் அந்த வரியை அடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் அதே தொகையைப் 'பயிற்சிக் காலக் காவல் செலவு' என்று எழுதினோம். ஒரு கேள்வியும் வரவில்லை.