சென்னைக் குளிர்காலத்தில் கள்ளிச் செடிக்குத் தண்ணீரை நிறுத்தலாமா?

கேள்வி: தாம்பரத்தில் மொட்டை மாடியில் கேக்டஸ், சக்குலன்ட் (சதைப்பற்றுள்ள செடிகள்) என்று 12 தொட்டிகள் வைத்திருக்கிறேன். கார்த்திகை மழைக்குப் பிறகு மூன்று செடிகளின் அடிப்பாகம் குழைந்துவிட்டது. அடீனியம் (பாலைவன ரோஜா) இலைகளைக் கொட்டுகிறது. குளிர்காலம் முழுவதும் தண்ணீரே விடக்கூடாது என்று யூடியூபில் சொல்கிறார்கள். பிப்ரவரி வரை நிறுத்திவிடட்டுமா?

பதில்: வேண்டாம். அது உறைபனி விழும் ஊர்களுக்குச் சொன்ன ஆலோசனை. வெப்பம் 5, 10 டிகிரிக்கு இறங்கும் இடத்தில் செடி வளர்ச்சியை நிறுத்திவிடும், வேர் தண்ணீரை இழுக்காது. ஊட்டியில் இருப்பவர்கள் அதைக் கேட்கலாம். சென்னையில் ஜனவரி இரவில்கூட சுமார் 20 டிகிரி இருக்கிறது. இந்தக் குளிர் உங்கள் செடிகளை ஒன்றும் செய்யாது. அவற்றை அழுகவைத்தது வடகிழக்குப் பருவமழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறதே!

முதலில் அந்த மூன்று செடிகளைப் பாருங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். அழுகல் கீழிருந்து மேலே ஏறும். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் குழைந்த பகுதிக்கு மேலே வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் கத்தியை மறுபடி துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்ட வேண்டும். சதை முழுக்கச் சுத்தமாகத் தெரியும்வரை மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். பிறகு கந்தகப் பொடியைத் தூவி, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் காயவைத்து, உலர்ந்த மணலில் ஊன்றுங்கள். வேர் விடும்வரை தண்ணீர் வேண்டாம். மூன்றில் ஒன்று சிவப்புத் தலை வைத்த மூன் கேக்டஸ் என்றால் இந்த வழி உதவாது. அந்தத் தலைக்குப் பச்சையமே கிடையாது, கீழே இருக்கும் பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. தண்டு அழுகிவிட்டால் தலையை இன்னொரு கள்ளித் தண்டில் ஒட்டினால்தான் பிழைக்கும்.

அடுத்து மண். நர்சரியிலிருந்து வந்த தொட்டியை அப்படியே வைத்திருந்தால் உள்ளே பெரும்பாலும் தேங்காய் நார்த்தூள்தான் இருக்கும். நர்சரியின் கூரைக்குக் கீழே அது சரி. அடைமழையில் நனைந்தால் பஞ்சு போல நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மழை விட்டதும் நாரை உதறிவிட்டு, பெருமணலும் பொடித்த செங்கலும் பாதிக்கு மேல் இருக்கும் கலவைக்கு மாற்றுங்கள். மணலைச் சலித்துத் தூளை நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் சிமென்ட் போல இறுகிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழை படாமல் இருக்க மேலே கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட் போட்டு, நான்கு பக்கமும் திறந்து விடுங்கள். பச்சை நிழல்வலை வெயிலைக் குறைக்கும், மழையைத் தடுக்காது.

சரி, தண்ணீருக்கு வருவோம். நாள் கணக்கு பார்க்காதீர்கள். ஓர் ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, சற்றுநேரம் கழித்து உருவிப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டோ சில்லென்றோ வந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்து வந்தால் காலையில், அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். கள்ளிகளுக்கு மட்டும் குச்சி காய்ந்த பிறகும் ஒரு வாரம் பொறுக்கலாம். இலை சுருங்கினால் உடனே தாகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மண் ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால் வேர் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஊற்றும் ஒவ்வொரு சொட்டும் கெடுதல்தான்.

எச்சிவேரியா (ரோஜாப் பூப்போல இலை அடுக்கிய சக்குலன்ட்) இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். மெக்சிகோவின் மலைப்பகுதிச் செடி அது. நம் கோடை இரவின் புழுக்கம் அதற்கு ஆகவே ஆகாது. சென்னையில் அது நிம்மதியாக வளர்வது மார்கழியும் தையும்தான். அந்த இரண்டு மாதமும் தண்ணீரை நிறுத்தினால் ஆண்டில் அதற்குக் கிடைக்கும் ஒரே நல்ல காலத்தைப் பறித்ததாகிவிடும். விடியற்காலைப் பனி இலைக்கொத்தின் நடுவில் தேங்கியிருந்தால் மட்டும் ஊதி வெளியேற்றிவிடுங்கள்.

அடீனியத்துக்காகக் கவலைப்படாதீர்கள். இந்தப் பருவத்தில் இலை உதிர்ப்பது அதன் இயல்பு. அடிக்கிழங்கை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் செடி நலம். லேசாகச் சுருங்கியிருந்தாலும் பரவாயில்லை. இலை இல்லாத செடி குடிப்பது மிகக் குறைவு, ஆகவே இதற்கு மட்டும் யூடியூபில் சொன்னது ஏறக்குறையப் பொருந்தும். பிப்ரவரியில் துளிர் தெரியும்வரை வெட்டவும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

மழைக்குப் பயந்து சில தொட்டிகளை வீட்டுக்குள் கொண்டுபோயிருந்தால், பொங்கல் வெயிலைப் பார்த்ததும் ஒரே நாளில் மாடிக்கு ஏற்றிவிடாதீர்கள். முதல் சில நாள் காலை வெயிலில் இரண்டு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து நாளில் பழக்குங்கள். வெயில் சுட்ட தழும்பு கள்ளியின் உடம்பை விட்டுப் போவதே இல்லை.