போர்வைக்குள் கேட்ட சத்தம்

திகில் படங்கள், கல்ட் படங்கள் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “எனக்குச் சினிமா பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனாலும்...” என்றுதான் தொடங்குகின்றன. அந்த வரி இனி வேண்டாம். எந்த இடத்தில் பயந்தீர்கள், எந்த இடத்தில் கொட்டாவி விட்டீர்கள் என்று சொல்ல உங்களைத் தவிர வேறு யாருக்கும் தகுதி கிடையாது.

கே: எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ‘ஹாலோவீன்’ படத்தைக் கைபேசியில் பார்த்தேன். துளிகூடப் பயம் வரவில்லை. மற்றவர்கள் சும்மா சொல்கிறார்களா, இல்லை எனக்குத்தான் ரசனை இல்லையா? – கல்லூரி மாணவர் ஒருவர்

ப: இரண்டும் இல்லை. நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: சத்தத்தை எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

1978இல் அந்தப் படத்தை எடுத்த ஜான் கார்பென்டருக்கே இந்த அனுபவம் உண்டு. இசையும் ஒலியும் சேர்ப்பதற்கு முன் படத்தை ஒரு ஸ்டூடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண்மணிக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. அதன் பிறகு கார்பென்டர் தானே உட்கார்ந்து இசையமைத்தார். அந்தப் பியானோ மெட்டு ஐந்து தட்டுகளில் ஓடும். நம் தாளக் கணக்கில் அது கண்டம். சிறுவயதில் கார்பென்டருக்கு அவர் அப்பா பாங்கோ மேளத்தை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த தாளம் அது. காது நான்கில் முடியும் என்று எதிர்பார்க்கும், இசை ஒரு தட்டு தள்ளிப் போகும். அந்த ஒரு தட்டில்தான் வயிறு கலங்குகிறது. பின்னால் இசையோடு பார்த்த அதே அதிகாரிக்குப் படம் பிடித்துப் போயிற்று. படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை.

இதை நான் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டேன். அக்கா பேய்ப் படம் பார்க்கும்போது பக்கத்திலேயே போர்வைக்குள் படுத்திருப்பேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டாலும் காதை மூட முடியவில்லை. படிக்கட்டில் ஏறும் சத்தம், கதவுக் கீல், அப்புறம் எதுவுமே இல்லாத அந்த இடைவெளி. வளர்ந்த பிறகு அதே படங்களைக் கண் திறந்து பார்த்தேன். பாதி பேய்கள் மாவு பூசிய முகங்கள்தான். போர்வைக்குள் நான் கேட்ட பேய் அதைவிட எவ்வளவோ பயங்கரமானது.

அதனால் ஒருமுறை விளக்கை அணைத்து, நல்ல ஹெட்போன் மாட்டிப் பாருங்கள். அப்போதும் பயம் வரவில்லையென்றால் “எனக்கு வரவில்லை” என்று தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே எந்த இடத்தில் படம் உங்களைக் கைவிட்டது என்றும் சொல்லுங்கள். “மொக்கை” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிட்டால் எதிரில் இருப்பவர் மேற்கொண்டு பேச எதுவும் இருக்காது.

கே: ‘கல்ட் படம்’ என்று எதைச் சொல்கிறார்கள்? ஓடாத படத்துக்கு மரியாதையான பெயரா? – வங்கி ஊழியர் ஒருவர்

ப: ஓடாமல் போன படங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் மிகச் சிலதைத்தான் யாராவது திரும்பிப் போய்த் தூக்கிவருகிறார்கள். அவைதான் கல்ட் படங்கள். அப்படித் தூக்கிவரும் கை சாதாரண ரசிகரின் கை என்பதுதான் எனக்கு இந்தப் படங்கள்மேல் உள்ள பாசத்துக்குக் காரணம்.

‘தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ’ 1975இல் வந்தபோது பெரும்பாலான ஊர்களில் காலியான இருக்கைகளுக்கு ஓடியது. 1976 ஏப்ரல் 1 முதல் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டார்கள். வந்தவர்களே மறுவாரமும் வந்தார்கள். வசனங்களுக்கு நடுவே திரையைப் பார்த்துப் பதில் கத்தத் தொடங்கினார்கள், பாத்திரங்களைப் போலவே உடுத்திக்கொண்டு வந்தார்கள். அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் படம் எங்காவது ஒரு திரையரங்கில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

‘தி திங்’ கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1982 ஜூன் 25 அன்று வெளியானது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ‘இ.டி.’ வந்திருந்தது. அன்பான வேற்றுக்கிரகவாசியைப் பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மக்களிடம், மனித உடலுக்குள் புகுந்து மனிதனாகவே நடிக்கும் ஒரு ஜந்துவைக் கொண்டுபோய்க் காட்டினார் கார்பென்டர். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதே நாளில் வெளியாகி அதே போல் அடிவாங்கிய இன்னொரு படம் ‘பிளேட் ரன்னர்’. அந்த ஜந்துக்களை உருவாக்கிய ராப் பாட்டினுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம்தான். ஒரு வருடத்துக்கு மேல் ஓய்வில்லாமல் உழைத்து, கடைசியில் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று. அந்த உழைப்பை முதலில் மதித்தவர்கள் வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் படத்தைப் பார்த்தவர்கள். ஒருவர் இன்னொருவரிடம் “இதைப் பார்” என்று சொல்லிச் சொல்லியே படம் பிழைத்தது. இன்று திகில் படங்களின் எந்தப் பட்டியலிலும் அதைத் தவிர்க்க முடியாது.

கே: மோசமான படம் என்று தெரிந்தே சில படங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள். – இல்லத்தரசி ஒருவர்

ப: பாருங்கள் அம்மா. எட் வுட் எடுத்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தை நானே ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன். டிராகுலாவாகப் புகழ்பெற்ற பெலா லுகோசி 1956இல் இறந்துபோனார். அவரை வைத்து எடுத்திருந்த சில நிமிடக் காட்சிகள் மட்டும் வுட்டிடம் இருந்தன. மீதிக் காட்சிகளுக்கு லுகோசியைவிட உயரமான ஒருவரைப் பிடித்து, முகத்தை அங்கியால் மறைத்துக்கொண்டு நடக்கச் சொன்னார். 1980இல் ஒரு புத்தகம் வாசகர்களிடம் வாக்குக் கேட்டு, ‘எல்லாக் காலத்திலும் மிக மோசமான படம்’ என்ற பட்டத்தை அதற்குக் கொடுத்தது.

எனக்கு அந்த அங்கி போர்த்திய மனிதரைப் பார்க்கும்போது சிரிப்பைவிட நெகிழ்ச்சிதான் வருகிறது. நண்பர் இறந்துவிட்டார், பணம் இல்லை, ஆனாலும் அவர் கடைசியாக நடித்ததை எப்படியாவது திரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற தவிப்பு அதில் தெரிகிறது. கோடிக்கணக்கில் கொட்டி, யாருக்கும் எந்தத் தவிப்பும் இல்லாமல் எடுக்கப்பட்ட படங்களை என்னால் ஒருமுறைகூட முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

கே: ஒன்பது வயது மகன், நண்பர்கள் பார்த்த பேய்ப் படத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். காட்டலாமா? – தந்தை ஒருவர்

ப: வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம்.

ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ அமெரிக்காவில் 1968 அக்டோபரில் வெளியானது. வயதுவாரியாகத் தரம் பிரிக்கும் முறை அங்கே அடுத்த மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. பேய்ப் படம்தானே என்று பகல் காட்சிக்குப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பிவிட்டார்கள். அப்படியொரு காட்சியில் உட்கார்ந்திருந்த விமர்சகர் ராஜர் ஈபர்ட், தொடக்கத்தில் இருந்த கூச்சலும் கும்மாளமும் மெல்ல அடங்கிப்போனதையும், ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி இருக்கையில் அசையாமல் உட்கார்ந்து அழுததையும் எழுதியிருக்கிறார். அலறும் குழந்தையைச் சமாதானப்படுத்திவிடலாம். அசையாமல் உட்கார்ந்துவிடும் குழந்தையை நாம் கவனிக்காமலே போய்விடுவோம்.

ரொமேரோவின் படம் எனக்கு உயிர். நண்பர்களிடம் பணம் திரட்டி, பிட்ஸ்பர்க் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. வெளியிடும்போது படத்தின் பெயரை மாற்றியதில் பழைய பெயர் அட்டையோடு பதிப்புரிமைக் குறிப்பும் காணாமல் போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பு இல்லையென்றால் உரிமையும் இல்லை. அதனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்றாகி, படம் உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. எடுத்தவர்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. இவ்வளவு பிடித்த படத்தையும் ஒன்பது வயதுக்கு நான் காட்ட மாட்டேன்.

மகன் கேட்பது படத்தை மட்டும் அல்ல, நண்பர்கள் பேசும்போது தனக்கும் சொல்ல ஏதாவது வேண்டும் என்பதையும்தான். மாவு பூசிப் புண் செய்வது, சாக்லேட் பாகில் ரத்தம் செய்வது எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து செய்து பாருங்கள். மற்ற பிள்ளைகளிடம் சொல்ல அவனுக்கு அது போதும்.

கே: ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். ஆனால் பயப்படப் பிடிக்கும். எனக்கு ஏற்ற படம்? – செவிலியர் பயிற்சியைப் பாதியில் விட்ட வாசகி

ப: உங்களுக்குத்தான் புதையலே இருக்கிறது. ‘கேட் பீப்பிள்’ (1942) பாருங்கள். இரவில் தனியாக நடக்கும் ஒரு பெண், பின்னால் காலடிச் சத்தம், சட்டென்று காலடி நின்றுபோகிறது. அப்புறம் வருவது வெறும் பேருந்து. ஆனால் அது வந்து நிற்கும் சத்தத்தில் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவீர்கள். இந்த உத்திக்குத் தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரைச் சேர்த்து ‘லூட்டன் பஸ்’ என்றே இன்றும் சொல்கிறார்கள்.

அடுத்து ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ (1962). ஹெர்க் ஹார்வி கான்சஸ் மாநிலத்தில் கல்விப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் எடுத்துக்கொண்டிருந்தவர். காரில் போகும் வழியில், யூட்டா மாநிலத்தின் பெரிய உப்பு ஏரிக் கரையில் கைவிடப்பட்டு நின்ற ஒரு கேளிக்கைக் கூடத்தைப் பார்த்தார். அந்தக் கட்டடம் மனதை விட்டுப் போகவில்லை. மூன்று வாரத்தில் படத்தை எடுத்து, அந்த வெளுத்த முகப் பேயாகத் தானே நடித்தார். அதன் பிறகு அவர் வேறு கதைப்படம் இயக்கவே இல்லை. படம் முழுக்க ஆர்கன் இசை ஒன்று கூடவே வரும். படம் முடிந்த பிறகும் உங்களோடு வரும்.

பெயரைக் கேட்டே பலர் ஒதுக்கும் ‘தி டெக்சஸ் செயின் சா மாசக்கர்’ (1974) படத்திலும் திரையில் ரத்தம் குறைவுதான். ஆனால் அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பார்க்காததையும் பார்த்ததாக நம்பவைக்கும் படம் அது. தலை கட்டாயம் சுற்றும்.

கே: கேமராவை ஆட்டிக்கொண்டே எடுக்கும் படங்கள் ஏமாற்று வேலை என்கிறேன் நான். சரிதானே? – ஓய்வுபெற்ற வாசகர்

ப: பல படங்களைப் பொறுத்தவரை சரிதான் ஐயா. ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ (1999) மட்டும் விதிவிலக்கு என்பேன். மூன்று நடிகர்கள் கையிலேயே கேமராவைக் கொடுத்துக் காட்டுக்குள் எட்டு நாள் அனுப்பினார்கள். அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்று குறிப்புகள் மட்டும் கிடைக்கும். சாப்பாட்டைக்கூட நாளுக்கு நாள் குறைத்தார்கள். அவர்கள் முகத்தில் தெரியும் எரிச்சலும் சோர்வும் பெருமளவு உண்மை. அதனால் அந்த ஆட்டம் எனக்கு உறுத்தவில்லை. ஆனால் நடிகர்கள் நிஜமாகவே காணாமல் போய்விட்டதாக விளம்பரம் செய்தார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. உயிரோடு இருக்கும் பிள்ளைகளை இறந்தவர்களாகக் காட்டிப் பணம் பண்ண வேண்டியதில்லை. அந்த இடத்தில் உங்கள் கோபத்தோடு நானும் நிற்கிறேன்.

கே: ‘ரிங்கு’ என்ற ஜப்பானியப் படத்தில் முடியால் முகம் மூடிய அந்தப் பெண்ணின் நடை ஏன் அவ்வளவு உறுத்துகிறது? – மருந்தாளுநர் ஒருவர்

ப: நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்துப் படம்பிடித்து, அதைத் திருப்பி ஓட்டியிருக்கிறார்கள். கால் முன்னால் வருகிறது, உடலின் எடை பின்னால் போகிறது. ஏதோ தப்பு என்று நமக்குப் புரிகிறது, எது தப்பு என்று புரிவதில்லை.

கே: தனியாகப் பார்ப்பது நல்லதா, கூட்டமாகவா? – பெயர் எழுதாதவர்

ப: சத்தம் குறைந்த படத்தைத் தனியாக, கத்தவைக்கும் படத்தைக் கூட்டமாக.

கே: இத்தனை வருடம் பார்த்த பிறகும் உங்களுக்கு இன்னும் பயம் வருகிற காட்சி உண்டா? – பள்ளி ஆசிரியை ஒருவர்

ப: உண்டு. ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த ‘தி ஹான்டிங்’. (பார்க்காதவர்கள் இந்தப் பதிலைத் தவிர்த்துவிடுங்கள்.) படம் முழுக்க ஒரு பேயைக்கூடக் காட்ட மாட்டார்கள். இருட்டான அறையில் இரண்டு பெண்கள் படுத்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுக்கும் குரல், ஒரு குழந்தை அழும் சத்தம். ஒருத்தி தோழியின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறாள். பயத்தில் தோழி தன் கையை நொறுக்குகிறாள் என்று நினைக்கிறாள். கடைசியில் கத்திவிடுகிறாள், விளக்கு எரிகிறது. தோழி அறையின் மறுபக்கம், எட்ட முடியாத தூரத்தில் இருக்கிறாள்.

அந்தப் படத்தை முதல்முறை அக்காவோடுதான் பார்த்தேன். எனக்கு அப்போது இருபது வயது, போர்வையெல்லாம் இல்லை. அந்தக் காட்சி வந்தபோது எங்கள் இருவர் கையும் கோத்திருந்தது. விளக்கு எரிந்த அடுத்த நொடி அக்கா திரையைப் பார்க்கவில்லை. குனிந்து, தான் பிடித்திருந்தது என் கைதானா என்று பார்த்தாள்.