ஹேக்கிங் இருக்கட்டும், முதலில் நெட்வொர்க்

அன்புள்ள அம்மா,

பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த மகன் எத்திக்கல் ஹேக்கிங்தான் (அனுமதி பெற்றுக் கணினிகளில் ஊடுருவி, பாதுகாப்புக் குறைகளைக் கண்டறிவது) படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறார், கடன் வாங்கிக் கட்டணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது கட்ட வேண்டாம். தம்பியின் ஆசையில் குறையில்லை. எதை முதலில் படிப்பது என்பதில்தான் குழப்பம்.

2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைத் திணறடித்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை உடனுக்குடன் நிறுவுவது, அது பரவிய 445ஆம் போர்ட்டை (விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் வாசல்) வெளியாருக்கு மூடுவது, ஒரு பிரிவில் புகுந்தது அடுத்த பிரிவுக்குத் தாவாதபடி நெட்வொர்க்கைப் பிரித்து வைப்பது எல்லாம் நெட்வொர்க் நிர்வாகியின் அன்றாட வேலைகள். சைபர் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த வேலைதான் என்பதைத் தம்பிக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இதைக் கற்க அதிகம் செலவாகாது. என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசம். நெட்வொர்க் கருவிகள் செய்யும் சிஸ்கோ நிறுவனத்தின் பேக்கெட் டிரேசரும் (கணினித் திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் மென்பொருள்) இலவசம். அதில் ஓர் அலுவலகத்தை அமைத்து, கணக்குப் பிரிவையும் விற்பனைப் பிரிவையும் தனித்தனி விலேனில் (ஒரே கருவிகளில் இயங்கினாலும் பிரித்து வைக்கப்பட்ட நெட்வொர்க்) வைக்கட்டும். ஒரு பிரிவுக்கு 192.168.10.0/26 என்ற நெட்வொர்க் முகவரித் தொகுதியைத் தந்தால், அதில் 64 முகவரிகள். கருவிகளுக்குத் தர முடிந்தவை 62. மீதி இரண்டும் எங்கே போயின என்று தாளில் எழுதி விளக்கத் தெரிய வேண்டும். பிறகு, தன் மடிக்கணினியில் இரண்டு மெய்நிகர் லினக்ஸ் கணினிகளை நிறுவி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டெல்நெட்டில் (தொலைவிலிருந்து கணினியில் நுழையும் பழைய முறை) நுழைந்து, நெட்வொர்க்கில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்க்கட்டும். கடவுச்சொல் எழுத்தெழுத்தாகத் திரையில் ஓடும். அதையே எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான முறை வழியாகச் செய்தால், பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கப்பட்ட தரவு மட்டுமே தெரியும். குறியாக்கம் ஏன் வேண்டும் என்பது அந்த நொடியில் மனத்தில் பதிந்துவிடும்.

ஒரு கண்டிப்பு: சோதனையெல்லாம் சொந்தக் கருவிகளில் மட்டுமே. பக்கத்து வீட்டு வைஃபையில் விளையாட்டாகக்கூடக் கைவைக்கக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு.

அடுத்து, சிஸ்கோ நடத்தும் நெட்வொர்க் சான்றிதழுக்கான சிசிஎன்ஏ தேர்வு. முதல் வேலை பெரும்பாலும் நெட்வொர்க் கண்காணிப்பு மையத்தில் கிடைக்கும். இரவுப் பணியும் இருக்கும், அதற்கு நீங்களும் தயாராக இருங்கள். அங்கிருந்து பாதுகாப்புப் பிரிவுக்கு மாறுவது பலர் போகும் வழி.

அதன் பிறகும் பயிற்சி மையம் வேண்டுமென்றால் நேரில் போய்ப் பாருங்கள். ஆய்வகத்தில் ரூட்டர், ஸ்விட்ச், ஃபயர்வால் இருக்கின்றனவா, மாணவர்கள் அவற்றைத் தொட்டு வேலை செய்கிறார்களா என்று கவனியுங்கள். ‘வேலை உறுதி’ என்று விளம்பரம் செய்திருந்தால், அதை எழுத்தில் கேளுங்கள்.