கலலாவ் கடற்கரைக்கு நடந்துபோய்த் தங்கணுமா? உங்க கேள்விகளும் என் பதில்களும்

ஹவாயின் கவாய் தீவுல, நா பாலி கரையோரமா நடந்துபோய் கலலாவ் கடற்கரைல கூடாரம் போட்டுத் தங்கறதைப் பத்திக் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். நாலு தடவை போய் வந்தவன். அந்தப் பாதை, தண்ணி, தங்கல் பத்தித்தான் எனக்குத் தெரியும். ஹோட்டல், கார் வாடகையெல்லாம் வேற யார்கிட்டயாவது கேட்டுக்கோங்க.

ரம்யா: நானும் கணவரும் வாரம் ரெண்டு நாள் நடப்போம். எங்களால முடியுமா அண்ணா?

முடியும்மா. ஆனா தூரத்தை வெச்சுக் கணக்குப் போடாதீங்க. பாதை தொடங்கற கேஎ கடற்கரைல இருந்து ஒரு பக்கம் 11 மைல், சுமார் 18 கிலோமீட்டர்தான். பள்ளத்தாக்கு ஒவ்வொண்ணுக்குள்ளயும் இறங்கி ஏறி, இறங்கி ஏறிப் போகணும். மொத்த ஏற்றம் 1,500 மீட்டரைத் தாண்டும். மழை பெஞ்சா செம்மண் சோப்பு மாதிரி வழுக்கும், ஓடையும் பெருகும். பெருகின ஓடையைக் கடக்காதீங்க, வடியற வரைக்கும் காத்திருங்க. 7வது மைல் பக்கத்துல ஒரு பாறை விளிம்பு வரும்: ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் நேரா கடல். காலை வெளிச்சத்துல, காஞ்ச தரைல நிதானமா போனா பெரிய கஷ்டம் இல்லை. சாயங்காலம் களைச்சுப்போய், முதுகுல 20 கிலோவோட அங்க நிக்கக் கூடாது. அதனால 6வது மைல்ல இருக்கற ஹனகோவாவுல ஒரு ராத்திரி தங்கிட்டு மறுநாள் போங்க. மூட்டையை 12 கிலோவுக்குள்ள கட்டுங்க. ரெண்டு கைக்கும் ஊன்றுகோல் வேணும்.

கார்த்திக்: பர்மிட் எப்படி எடுக்கறது?

2 மைல்ல வர்ற ஹனகாபியாய் பள்ளத்தாக்கைத் தாண்டணும்னா, பகல்ல போய் வர்றதுக்குக்கூட தங்கல் பர்மிட் வேணும். ஹவாய் மாநிலப் பூங்காத் துறையோட இணையதளத்துல 90 நாள் முன்னாடி திறக்கும். ஹவாய் நேரம் நள்ளிரவுன்னா நமக்கு மதியம் 3.30. கோடைக்கால தேதியெல்லாம் உடனே தீர்ந்துடும். வெளியூர்க்காரங்களுக்கு ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 35 டாலர், அதிகபட்சம் 5 ராத்திரி. ராத்திரி கார் நிறுத்தறதுக்குத் தனியா பதிவு பண்ணணும்.

மீனா: தண்ணி சுமந்துட்டுப் போகணுமா?

வேண்டாம். வழி நெடுக ஓடை இருக்கு, கலலாவ் கடற்கரை ஓரத்துல அருவியே விழுது. ஆனா பார்க்கப் பளிங்கா இருக்குன்னு அப்படியே குடிச்சுடாதீங்க. மேலே ஆடும் காட்டுப்பன்றியும் திரியுது, எலிக்காய்ச்சல் வரும். வடிகட்டினா மட்டும் போதாது, நல்லாக் கொதிக்க வைங்க. கால்ல புண்ணு இருந்தா ஓடைத் தண்ணில ஊற வைக்காதீங்க.

சுரேஷ்: பர்மிட் எத்தனை நாள் முன்னாடி?

90. மேலே கார்த்திக்குக்குச் சொன்னதைப் படிங்க.

பானு: சமையலுக்கு?

கேஸ் டப்பா விமானத்துல ஏத்த விடமாட்டாங்க, தீவுல இறங்கி வாங்கிக்கோங்க. முதல் நாளைக்குப் புளியோதரை கெடாது. அப்புறம் அவல், ரவை.

ரகு: ஓடையைப் பத்தி எல்லாரையும் பயமுறுத்தறீங்க. போன ஜூலைல ஹனகாபியாய் ஓடை இடுப்பளவு ஓடுச்சு. ஆறு பேரும் கயிறு கட்டிக் கடந்துட்டோம்.

ரகு, நீங்க பத்திரமா வந்ததுல எனக்குச் சந்தோஷம். ஆனா இதைப் படிச்சுட்டு இன்னொருத்தர் கயிறு எடுத்துட்டுப் போனா என் மனசு கேக்காது. உடம்புல கயிறு கட்டினவர் வழுக்கி விழுந்தா, தண்ணி அவரை இழுக்கும், கயிறு விடாது. நடுவுல மாட்டித் தலைக்கு மேல தண்ணி போகும். அந்த ஓடையைக் கடக்கற இடமும் கடலை ஒட்டியே இருக்கு. கால் தவறினா நேரா அலைக்குள்ளதான்.

செல்வி: நாங்க தாமிரபரணிக் கரையில பிறந்தவங்க. வெள்ளத்துல நீந்தியிருக்கோம்.

செல்வி, தாமிரபரணி வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை திறக்கறாங்கன்னு ஊருக்கே சேதி வரும். இங்க சேதி சொல்ல யாரும் கிடையாது. மலைமேல மழை பெய்யும், கீழே நீங்க வெயில்ல நிப்பீங்க. ஒரு தடவை ஓடைக்கரைல தண்ணி தொடற இடத்துல, ரெண்டு கல்லுக்கு நடுவுல ஒரு குச்சியை நட்டுட்டுக் காலணிக் கயிறு கட்ட உக்காந்தேன். கட்டி முடிச்சு நிமிர்ந்தா குச்சியைச் சுத்தித் தண்ணி. கொஞ்ச நேரத்துல குச்சியே காணோம். தெளிஞ்ச தண்ணி டீ நிறமாச்சு, அடியில கல்லு உருண்டு மோதற சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தம் கேட்டா காலையே வைக்காதீங்க. அன்னிக்கு ராத்திரி ஈரக் கூடாரத்துல படுத்தோம். காலைல அதே ஓடை முழங்காலுக்குக் கீழ ஓடுச்சு. ஏறின வேகத்துலயே வடியற ஓடை அது. காத்திருக்கறவங்களுக்கு அது வழி விடும்.

ரகு: காத்திருந்தா விமானம் போயிடுமே. டிக்கெட் காசு யார் தருவா?

அதுக்குத்தான் திட்டம் போடும்போதே திரும்பற நாளுக்கும் விமானத்துக்கும் நடுவுல ஒரு நாள் சும்மா விடுங்கங்கறேன். 2014 ஏப்ரல்ல ஓடை பெருகி, நூறு பேருக்கு மேல மாட்டி ஹெலிகாப்டர்ல மீட்டாங்க. 2018 ஏப்ரல்ல இதே வடகரைல வைபாவுல 24 மணி நேரத்துல 1,262 மில்லிமீட்டர் மழை, அமெரிக்காவுலயே அதுதான் சாதனை. சென்னையோட ஒரு வருஷ மழை கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்போ மூடின பாதையை 2019 ஜூன்லதான் திறந்தாங்க. முழங்காலுக்கு மேல ஓடினா நில்லுங்க. கடக்கும்போது மூட்டையோட இடுப்புப் பட்டையை அவிழ்த்துடுங்க, விழுந்தா உதறிட்டு வெளிய வரலாம். இந்த விஷயத்துல ரகுவோட நான் ஒத்துப்போக மாட்டேன்.

அருண்: பர்மிட் எங்கே...

மேலே இருக்கு, தம்பி.

தேவி: திரும்பும்போது படகுல வரலாமா?

காசுக்கு ஓட்டற படகு கலலாவுல ஆள் ஏத்தி இறக்க அனுமதி இல்லை. நடந்தே வாங்க.

விக்னேஷ்: குளிக்கலாமா?

ஹனகாபியாய்ல வேண்டவே வேண்டாம். பவளத்திட்டு கிடையாது, உயிர்காப்பாளர் கிடையாது, நீரோட்டம் இழுத்துட்டுப் போகும். கலலாவ்லயும் அருவியில குளிங்க, கடல்ல கால் நனைச்சா போதும். குளிர்காலத்துல அலை மணலையே அள்ளிட்டுப் போயிடும்.

லதா: அங்க மனுஷங்க வாழ்ந்தாங்களா?

நல்ல கேள்வி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் வாழ்ந்தாங்க. பள்ளத்தாக்குக்குள்ள நடந்தா புதருக்கு நடுவுல கல் அடுக்கின வரப்புகள் தெரியும், படிப்படியா இறங்கும். ஓடைத் தண்ணியை அதுல திருப்பிவிட்டு அவங்க பயிரிட்டது நம்ம சேப்பங்கிழங்கு. அந்த இலையை முதல்ல பார்த்தப்ப எங்க வீட்டுக் கொல்லைப்புறத்துல நிக்கற மாதிரியே இருந்துச்சு. அந்தக் கல்லை நகர்த்தாதீங்க, மேல கூடாரமும் போடாதீங்க.

குமார்: கவாய்ல இருக்கற இறைவன் கோயில் நேரம்?

அது தீவோட கிழக்குப் பக்கம். நேரம், அந்தக் கோயிலை நடத்தற கவாய் ஆதீனத்தோட இணையதளத்துல பாருங்க.

ஷாலினி: கடற்கரைக் கடைசில குகை இருக்காமே, அதுல படுக்கலாமா?

படுக்காதீங்க. மேலே ஆடு நடக்கும்போது கல் உருண்டு விழும், பாறைக்குக் கீழ எங்கயுமே தலை வைக்கக் கூடாது. மணலுக்குப் பின்னாடி மரத்தடியில சமமான இடம் நிறைய இருக்கு. அங்க போடுங்க.