மருத்துவர் பதில்: அத்தைக்கு மருந்து இருக்கிறது, உங்கள் மாத்திரை எங்கே?

கேள்வி: பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். 68 வயதான என் மாமியாருக்கு வாய்ப் புற்றுநோய். வாரம் ஐந்து நாள் கதிர்வீச்சுக்காகப் பினாங்குத் தீவுக்கு அழைத்துப் போகிறேன். இது மூன்றாவது வாரம். வாயெல்லாம் புண். சோறு வேண்டாம் என்கிறார், வெற்றிலை மட்டும் கேட்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார், சனி ஞாயிறுதான் வீட்டில் இருப்பார். எனக்கு இனிப்புநீர் உண்டு, மாத்திரை தீர்ந்து பத்து நாளாகிறது. நேற்று அத்தையிடம் கத்திவிட்டு, குளியலறையில் போய் அழுதேன்.

பதில்: சகோதரி, உங்களுடைய மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். பத்து நாள் என்பது அதிகம். நாளைக்கே தோட்டத்துக்குப் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போய் சர்க்கரையைப் பார்த்து, மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் புற்றுநோயாளியைப் பார்த்துக்கொள்வதையும் அங்கே சொல்லுங்கள். நோயாளியின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறவரிடம் "நீங்கள் தூங்கினீர்களா?" என்று நாங்கள் கேட்பது குறைவு. அது எங்கள் பக்கத்துக் குறை.

கத்தியதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். தூக்கமில்லாத உடம்பு, அதில் ஏறி இறங்கும் சர்க்கரை, தினமும் பாலம் தாண்டும் பயணம். யாராக இருந்தாலும் குரல் உயரும். ஆனால் அழுகையும் எதிலும் மனம் ஒட்டாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், அதே கிளினிக்கில் சொல்லுங்கள். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண், ஹீல் 15555 இருக்கிறது.

அத்தை சாப்பிடாதது உங்கள் சமையலின் குறை இல்லை. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் கதிர்வீச்சுப் புண் தொடங்கும், சிகிச்சை முடியும் வரை கூடிக்கொண்டே போகலாம். ஒரு கோப்பை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி சமையல் சோடா உப்பு (பேக்கிங் சோடா) கலந்து, பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுத்திருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். அப்புறம் காரமில்லாத கஞ்சி, மசித்த முட்டை, தயிர், எல்லாம் ஆறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. வாரம் ஒருநாள் எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். குழாய் வழியாக உணவு கொடுக்கலாம். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கீமோவும் சேர்ந்து நடக்கிறதென்றால், காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தொட்டதும் நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள், நள்ளிரவானாலும் சரி.

கணவரிடம் "கொஞ்சம் உதவுங்கள்" என்று சொன்னால் அவருக்கு எதைச் செய்வதென்று தெரியாது. "சனி இரவு அம்மா பக்கத்தில் நீங்கள் படுங்கள், கொப்பளிக்க நீங்கள் எழுப்புங்கள், நான் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறேன்" என்று சொல்லுங்கள். பெற்ற மகன், செய்வார். வாரத்தில் ஒருநாளாவது வேறொருவர் அத்தையோடு தீவுக்குப் போகட்டும். அக்கம்பக்கத்தில் "ஏதாவது வேணும்னா சொல்லும்மா" என்றவர்களிடம் கூச்சப்படாமல் கிழமையைச் சொல்லிக் கேளுங்கள்.

பணத்துக்கு: மருத்துவமனையில் மருத்துவ சமூகப் பணியாளர் பிரிவு எங்கே என்று தாதியிடம் கேளுங்கள். அத்தையோ அவர் கணவரோ அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவரென்றால், குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் அத்தைக்குத் தகுதி உண்டா என்று பாருங்கள். தகுதியுள்ள புற்றுநோயாளிகளுக்கு, அரசாங்க மருத்துவமனைச் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளி (ரிங்கிட்) ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துச் செலவும் அதில் உண்டு. இது தெரியாமலே சிகிச்சையை முடித்துவிட்டுப் போகும் தோட்டக் குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. டாக்சி ரசீது, பெட்ரோல் ரசீது எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

வெற்றிலை வேண்டாம், பாக்கும் சுண்ணாம்பும் அறவே கூடாது. பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள், புண்ணையும் கிளறிவிடும். பல வருடப் பழக்கம், வாய் தேடத்தான் செய்யும். அந்த நேரத்தில் குளிர்ந்த நீரை மிடறு மிடறாகக் கொடுங்கள். பெட்டியை மட்டும் அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.