நடுவில் ஆடினால் எடுத்துவிடுங்கள்

கேள்வி: கல்யாணமாகி நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வேன் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் டச்சுப் பாட்டி அவ்வப்போது போட்டர்கூக் என்று ஒரு வெண்ணெய் கேக் தருவார். தட்டையாக, கனமாக இருக்கும். வாயில் போட்டால் கரையும். அடுத்த சனிக்கிழமை அவருக்கு 80 வயது. நானே செய்து கொண்டுபோக ஆசைப்பட்டு இரண்டு முறை முயன்றேன். முதல் முறை கேக் உப்பி, மேலே முள்கரண்டியால் போட்ட கோடெல்லாம் காணாமல் போய், ஆறியதும் அமுங்கிவிட்டது. வேறு மாவு வாங்கி மறுபடி செய்தேன். 30 நிமிடம் கழித்தும் நடுவில் தளதளவென்று ஆடியது. வேகவில்லை என்று இன்னும் 20 நிமிடம் வைத்தேன். வெட்டச் சுத்தியல் தேவைப்பட்டது. இரண்டிலுமே பாட்டி வீட்டு வெண்ணெய் மணம் இல்லை. இதற்கிடையில் மாமியார் ஊரிலிருந்து வருகிறார். அவர் முட்டை தொட மாட்டார். அவருக்கும் கொடுக்கிற மாதிரி செய்ய முடியுமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஆம்ஸ்டல்வேன்

பதில்: சுத்தியலைப் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் யூட்ரெக்டில் இருந்தபோது முதன்முதலில் சுட்ட போட்டர்கூக்கை, கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொள்ளலாம் என்றார் என் வீட்டுக்காரர். உங்கள் கதையேதான். ஆடியது, பயந்தேன், மறுபடி உள்ளே தள்ளினேன்.

கேக் என்ற சொல்தான் நம்மை ஏமாற்றுகிறது. கேக் என்றதும் அது உப்ப வேண்டும், குச்சி விட்டுப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும் என்று காத்திருக்கிறோம். டச்சில் ‘கூக்’ என்பதற்கு அப்படி ஒரு கடமையும் கிடையாது. ஆங்கிலக் ‘குக்கி’ பிறந்ததே இந்தக் கூக் வீட்டில்தான். உறவு தேட வேண்டுமென்றால் நம் மைசூர்பாகைப் பாருங்கள். அங்கே கடலை மாவு, சர்க்கரை, நெய்; இங்கே கோதுமை மாவு, சர்க்கரை, வெண்ணெய். மைசூர்பாகைத் தட்டில் கொட்டும்போது அது குழைவாகத்தானே இருக்கிறது? கெட்டியாகட்டும் என்று அடுப்பிலேயே கிளறிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

250 கிராம் மாவுக்கு 200 கிராம் வெண்ணெய் போடுகிறோம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியிலேயே உருகிவிடும். ஓவனுக்குள் 180 டிகிரியில் அது மொத்தமும் எண்ணெயாகத்தான் நிற்கும், சர்க்கரையும் பாகாக இருக்கும். நடுவில் ஆடுவது பச்சை மாவு என்று நீங்கள் நினைத்தீர்கள். ஆடியது உருகிய வெண்ணெயும் பாகும். வெளியே வைத்து ஆறினால் வெண்ணெய் மறுபடி உறையும், அப்போதுதான் கேக் இறுகும். ஓவனுக்குள் எவ்வளவு நேரம் வைத்தாலும் அந்த இறுக்கம் வராது. ஈரம்தான் போகும், அப்புறம் கல்தான் கிடைக்கும்.

எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் மாடிக்குக் கீழே குடியிருந்த அம்மாள். ஒரு நாள் அவர் சமையலறையில் நின்று பார்த்தேன். 26-ஆம் நிமிடம் கதவைத் திறந்து தட்டை லேசாக ஆட்டினார். ஓரம் நல்ல பொன்னிறமாகித் தகரத்தைவிட்டு நூலளவு விலகியிருந்தது. மேல்பக்கம் முழுவதும் நிறம் பிடித்திருந்தது. நடு மட்டும் மெத்தை மாதிரி அசைந்தது. எடுத்து ஜன்னல் திண்டில் வைத்துவிட்டார். “இது வேகவில்லையே” என்றேன். “நாளைக்கு வா” என்றார். அன்று ஒரு துண்டுகூடத் தரவில்லை! மறுநாள் போனபோது கத்தி சுத்தமாக இறங்கியது. ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் பால்கோவா பதம்.

இனி முதல் கேக்குக்கு வருவோம். கோடு மறைந்தது என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. நீங்கள் வாங்கிய பையில் ‘ஸெல்ஃப்ரைசெண்ட் பாக்மேல்’ என்று போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். அது பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்த மாவு. அங்கே புதிதாகக் குடியேறுகிற நம்மவர்கள் பலர் மைதா என்று நினைத்து இதைத்தான் தூக்கி வருகிறார்கள். சில டச்சு வீடுகளில் ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர் சேர்ப்பதும் உண்டுதான். எனக்கு அது பிடிக்காது. உதிரி உதிரியாகி அந்தக் கனம் போய்விடும். ‘பாட்டெண்ட்ப்ளூம்’ வாங்குங்கள். அதுதான் கேக்குக்கு ஏற்ற மெல்லிய வெள்ளை மாவு.

வெண்ணெய் மணம் வராததற்கு, இரண்டு முறையும் நீங்கள் போட்டது வெண்ணெயே இல்லை என்று சந்தேகப்படுகிறேன். ‘பாக்கன் என் ப்ராடன்’ என்று எழுதிய கட்டியா? அதற்கு அர்த்தம் சுடவும் வறுக்கவும் என்பது; பெரும்பாலும் மார்கரின், அதாவது வெண்ணெய் போலச் செய்த வேறு கொழுப்பு. அந்த ஊர்ப் பேச்சில் ‘போட்டர்’ என்றால் வெண்ணெயும் ஆகும், மார்கரினும் ஆகும். அதனால்தான் அசல் வெண்ணெய்க்கு ‘ரோம்போட்டர்’ என்று தனியாக ஒரு பெயர்; பாலாடை வெண்ணெய் என்று பொருள். வெண்ணெய்க்குப் பேர்போன நாட்டில் ஏன் இந்தக் குழப்பம் என்றால், மார்கரினையும் ஊர் உலகத்துக்கு விற்றவர்கள் அவர்கள்தான். 1869-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்த செய்முறையை 1871-ல் ஆஸ் என்ற சிற்றூரின் வெண்ணெய் வியாபாரிகளான யூர்கன்ஸ் குடும்பம் வாங்கியது. அதே ஊரின் வான் டென் பெர்க் குடும்பமும் போட்டிக்கு இறங்கியது. பிறகு இருவரும் ஒன்றுசேர்ந்து, 1930-ல் இங்கிலாந்தின் லீவருடன் இணைந்ததில் உருவானதுதான் யூனிலீவர். நம் பாட்டிமார் கைக்கு டால்டா வந்ததும் அந்த லீவர் வழியாகத்தான். ‘தாதா’ என்ற டச்சு வியாபாரப் பெயருக்கு நடுவே லீவரின் ‘ல்’ புகுந்து டால்டா ஆனது என்பார்கள். டால்டாவில் மைசூர்பாகு கிளறினால் நெய் மணக்குமா? அதே கதைதான் இங்கேயும்.

ரோம்போட்டரில் சட்டப்படி பால்கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, தண்ணீர் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அங்கே பாலாடையை லேசாகப் புளிக்கவைத்து வெண்ணெய் எடுக்கிற வழக்கம் உண்டு. அதனால்தான் அதில் நம் வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெயின் மணம் எட்டிப்பார்க்கும். பாட்டி வீட்டில் உங்களைக் கட்டிப்போட்டது அதுதானோ என்னவோ. 250 கிராம் கட்டியாக விற்பார்கள், உப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பலகாரத்தில் வேறெதில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, வெண்ணெயில் மட்டும் வேண்டாம்.

சர்க்கரைக்கு வெள்ளை ‘பாஸ்டர்ட்சௌகர்’ கேளுங்கள். பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், கடையில் எல்லோரும் சத்தமாகத்தான் கேட்கிறார்கள். தொட்டால் ஈரமணல் மாதிரி இருக்கும். சும்மா சர்க்கரை போட்டால் கேக் மொறுமொறு என்று பிஸ்கெட் பக்கம் சாய்ந்துவிடும். இது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அளவு: மாவு 250 கிராம், வெண்ணெய் 200, பாஸ்டர்ட்சௌகர் 200, 8 கிராம் வெனிலா சர்க்கரைப் பொட்டலம் ஒன்று, அரை எலுமிச்சையின் தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு முட்டை. முட்டையை அடித்துப் பாதியை மாவுக்கும் பாதியை மேலே பூசவும் வைத்துக்கொள்ளுங்கள். 24 சென்டிமீட்டர் வட்டத் தகரம் வேண்டும். விளிம்பு தணிந்ததாக, போட்டர்கூக்குக்கென்றே கடையில் விற்கிறது. 20 சென்டிமீட்டர் தகரத்தில் போட்டால் கேக் தடித்துவிடும், நான் சொல்லும் நேரம் பொருந்தாது.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் கழித்துச் சின்னச் சின்னத் துண்டாக்குங்கள். மாவு, சர்க்கரை, உப்பு, வாசனைப் பொருள் எல்லாவற்றோடும் சேர்த்து விரல் நுனியால் பிசிறுங்கள். தட்டைக்கு வெண்ணெய் பிசிறுவோமே, அதே கைவாகுதான். ரவை ரவையாக வந்ததும் பாதி முட்டையை ஊற்றி உருட்டிச் சேர்த்தால் போதும். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைந்தீர்களோ, மாவில் இழுவை வந்து கேக் ரப்பராகிவிடும். மாவு கையில் ஒட்டத்தான் செய்யும், அதற்காக மேல்மாவு தூவ வேண்டாம். அரை மணி ஃப்ரிட்ஜில் வைத்தால் சொன்னபடி கேட்கும்.

தகரத்தில் வெண்ணெய் தடவி, அடியில் தாள் போட்டு, மாவைப் பரப்பிக் கரண்டியின் பின்புறத்தால் சமன் செய்யுங்கள். மீதி முட்டையை ஒரு பூச்சு பூசி, ஐந்து நிமிடம் விட்டு இன்னொரு பூச்சு. பிறகு முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்சதுரக் கோடு இழுங்கள். அந்த டைமண்ட் கட்டம்தான் போட்டர்கூக்குக்கு முகம். 180 டிகிரிக்குச் சூடான ஓவனில், நடுத்தட்டில், 25 முதல் 30 நிமிடம். நீங்கள் இருப்பது அபார்ட்மெண்ட் என்றால் மைக்ரோவேவும் ஓவனும் ஒன்றான பெட்டியாக இருக்கலாம். அதில் ‘ஹேட்டலுக்ட்’, அதாவது சூடான காற்று, என்ற பொத்தானை அழுத்தி 160 டிகிரி வையுங்கள். மைக்ரோவேவ் பக்கம் கை போகவே கூடாது. 25-ஆம் நிமிடம் தட்டை அசைத்துப் பாருங்கள். ஓரம் பொன்னிறம், மேலே நிறம், நடுவில் ஆட்டம் என்றால் எடுத்துவிடுங்கள். மேல்பக்கம் வெளுத்து, ஈரமாகப் பளபளத்தால் மட்டும் இன்னும் மூன்று நிமிடம். குச்சி விட்டுப் பார்ப்பதை மறந்துவிடுங்கள்.

மாமியார் விஷயம் சுலபம். இதில் முட்டைக்கு வேலை குறைவுதான். மாவில் பாதி முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி கெட்டி க்ரீம் விடுங்கள். மேலே பூசப் பாலில் கொஞ்சம் சர்க்கரை கரைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பு சற்றுக் குறையும். ஓரம் கொஞ்சம் உதிரும், அதனால் நன்றாக ஆறிய பிறகே வெட்டுங்கள். சுவையில் அவர் குறை கண்டுபிடித்தால் அதற்குக் காரணம் கேக்காக இருக்காது.

பாட்டிக்கு இஞ்சி பிடிக்குமா என்று பேச்சுவாக்கில் கேட்டுவையுங்கள். பாகில் ஊறிய இஞ்சி பாட்டிலில் கிடைக்கும். அதை நறுக்கி ஒரு கைப்பிடி மாவில் கலந்தால் அது ‘யூத போட்டர்கூக்’. ஆம்ஸ்டர்டாம் யூதர்களின் பண்டம் அது. 1940-லிருந்து 1945 வரையிலான ஜெர்மன் ஆக்கிரமிப்பில் அந்த நாட்டு யூதர்கள் 1,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். செய்த கைகள் பல போய்விட்டன, பலகாரம் அவர்கள் பெயரோடு இன்னும் கடைகளில் இருக்கிறது. உங்கள் பாட்டி எந்த வகையில் வளர்ந்தவர் என்று தெரியாமல், பிறந்தநாளுக்கு இஞ்சி போட்டு ஆச்சரியப்படுத்த வேண்டாம், கேட்டுவிட்டே செய்யுங்கள்.

இணையத்தில் செய்முறை தேடும்போது ஒன்று கவனியுங்கள். பெல்ஜியத்தில் போட்டர்கூக் என்று கேட்டால் ஈஸ்ட் போட்ட, மடிப்பு மடிப்பான ரொட்டி வரும். 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்து 1796 வரை டச்சுக்காரர்கள் ஆண்டதால், இலங்கை பட்டர் கேக்கும் இதுவும் ஒன்றென்று நினைப்பவர்களும் உண்டு. அது உப்புகிற, பஞ்சான கேக். உங்களுக்கு வேண்டியது அதுவல்ல.

பிறந்தநாள் சனிக்கிழமை என்றால் வியாழன் இரவே சுட்டுவிடுங்கள். தகரத்திலேயே ஆறட்டும், பிறகு மூடி வெளியிலேயே வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிவிடும். வைத்துவிட்டால் ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்துவையுங்கள். வெட்டும்போது சின்னத் துண்டுகள் போதும், வெண்ணெய் வயிற்றை நிரப்பிவிடும். போகும் இடத்தில் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டுக் காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். பாட்டிக்கு மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அவர் மகளுக்கு, மருமகனுக்கு, வந்திருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கை கொடுத்து வாழ்த்துவது அங்கே முறை. முதல் தடவை எனக்கு இது தெரியாமல், முன்பின் தெரியாத ஒருவர் என் கையைக் குலுக்கி வாழ்த்தியபோது யாருக்குப் பிறந்தநாள் என்றே குழம்பிப்போனேன்.

அந்தக் கல் இன்னும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உடைத்து டப்பாவில் வைத்து, சூடான டிகிரி காபியில் முக்கித் தின்னுங்கள். என் வீட்டுக்காரர் கதவுக்கு முட்டாக்கச் சொன்னதை அவரே ஒரு வாரத்தில் அப்படித்தான் தீர்த்தார்.